அடுத்த வீட்டுத் தொழிலும் பாடம்தான்

2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போனது. அதற்கு முந்தைய ஆகஸ்டில் கேரளத்தைப் புரட்டிப்போட்ட மழையில் இடுக்கி மலைத்தோட்டங்கள் பல இடங்களில் சரிந்தன. சரியாத இடங்களிலும் செடி அழுகியது. அடுத்த பருவத்தில் காய் வரத்து குறைய, விலை எகிறியது. போடிநாயக்கனூருக்கு இது எங்கோ நடந்த செய்தியாக இருக்க முடியாது. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் கணினிவழி ஏலம் நடக்கும் இரண்டு முக்கிய மையங்களில் ஒன்று மலைக்கு மேலே புத்தடியில் இருக்கிறது. மற்றொன்று அடிவாரத்தில் போடியில் இருக்கிறது. அந்த ஆண்டு போடியிலோ, தேவாரம் சாலையில் மலையை ஒட்டியிருக்கும் ராசிங்காபுரத்திலோ ஏழாம் வகுப்பு படித்த பிள்ளைகளும் பள்ளியில் லாப நட்டக் கணக்குப் போட்டிருப்பார்கள். பெயரில்லாத ஒரு வியாபாரி, ஏதோ ஒரு பொருளை 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கும் கணக்கு அது. தன் தெருவிலேயே ஒரு பொருளின் விலை எப்படி ஏறுகிறது, ஏறிய பணம் யார் கைக்குப் போகிறது, யார் கூலி அப்படியே நின்றுவிடுகிறது என்ற கணக்கைப் போட அவர்களுக்குப் பாடவேளை இல்லை.

ஏலக்காய் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நடத்துவதற்கு விஷயம் இருக்கிறது. செடியின் அடியில், தரையோடு படரும் சரத்தில் பூ விடும் பயிர் இது. பூ விடியலில் மலர்ந்தால் அந்த ஒரு நாள்தான் அதற்கு வாழ்வு. அதற்குள் தேனீ வந்தாக வேண்டும். வராவிட்டால் காய் இல்லை. மகரந்தச் சேர்க்கையை இதைவிட அவசரமாக உணர்த்தும் உதாரணம் கிடைப்பது அரிது. பறித்த பச்சைக்காயை ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் உலர்த்தினால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நூறு கிலோ பச்சைக்காய் இருபது கிலோவாகும் அந்த இடத்தில் விகிதம், சதவீதம், ஆவியாதல், எரிபொருள் செலவு எல்லாம் ஒரே கணக்கில் வந்து சேர்கின்றன. காயின் பருமனுக்கேற்பச் சல்லடை மாறும். நிறத்துக்கேற்ப விலை மாறும். போடி கிடங்குகளில் தரம் பிரிக்கும் பெண்களின் கண்ணும் விரலும் ஒரு நொடியில் செய்யும் அந்த வேலையை, ஒரு மாணவி ஐம்பது காயை எடுத்து அளந்து, அட்டவணை போட்டு, சராசரி கண்டுபிடித்துப் பார்த்தால் புள்ளியியல் என்றால் என்ன என்று அவளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடியை இன்று உலகிலேயே அதிகமாக விளைவிப்பது மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா. அங்கே மழை பொய்த்தால் போடியில் விலை ஏறும். உலக வணிகத்துக்கு வரைபடத்தோடு ஒரு பாடம் இங்கே தயாராக இருக்கிறது.

புவியியலுக்கும் குறைவில்லை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஆயிரம் மீட்டர் உயரம் கூடிவிடும். வெப்பநிலை ஆறேழு டிகிரி குறைந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலை உச்சி தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டிருக்கும்போது, கீழே ராசிங்காபுரம் பக்கத்து நிலங்களுக்கு அந்த மேகத்தின் காற்றுதான் கிடைக்கும்; மழைக்கு ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். மழை மறைவுப் பகுதி என்று புத்தகத்தில் இரண்டு வரியில் வரும் செய்தியை இங்கே ஜன்னலைத் திறந்தாலே பார்க்கலாம். ஒரு மழைமானியைப் பள்ளியில் வைத்து, மலைக்கு வேலைக்குப் போய்வருபவர்களிடம் மேலே மழையா வெயிலா என்று தினமும் கேட்டு எழுதிவைத்தால், ஓராண்டில் அந்த வகுப்புக்குச் சொந்தமாக ஒரு தரவு இருக்கும். இது எந்தப் பாடநூலிலும் இல்லாத தரவு என்பதுதான் இதன் மதிப்பு.

வரலாற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூணாறு பக்கத்துத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவழித் தொட்டிகளில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியூர் போனது. 1924-இல் மலையாளிகள் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று இன்றும் சொல்லும் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அகலப்பாதை வேலைக்காக 2010 முடிவில் நின்ற அந்த ரயில், 2023 ஜூன் 15 அன்றுதான் மறுபடி போடிக்கு வந்தது. 1924 வெள்ளம் ஒரு ரயிலை அழித்தது, 2018 வெள்ளம் ஒரு விலையை ஏற்றியது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவன், வரலாறு என்பது அரசர்களின் பட்டியல் என்று ஒருநாளும் நினைக்க மாட்டான்.

இப்படி ஊரிலிருந்து பாடம் எடுக்க வேண்டும் என்பதை யாரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. 1993-இல் பேராசிரியர் யஷ்பால் குழு சுமையில்லாத கற்றலைக் கேட்டது. பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்க வேண்டும் என்பதைத் தன் வழிகாட்டும் கொள்கைகளில் ஒன்றாகவே 2005 தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு எழுதிவைத்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடையில் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் பிள்ளைகள் உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் கற்கட்டும் என்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் இந்த இடத்தில் ஒரு நெருடல் எழும், எழ வேண்டும். 1953-இல் சென்னை மாநில முதல்வராக இருந்த ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திருத்தத் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம்தான் பள்ளி; மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. எதிர்ப்பு வலுத்தது, 1954-இல் ராஜாஜி விலகினார், காமராசர் முதல்வராகி அதைக் கைவிட்டார். அந்த நினைவு இன்னும் ஆறவில்லை. 2024 நவம்பரில் மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு அரசு மறுத்தபோது சொன்ன காரணமும், குடும்பத் தொழிலைச் செய்பவராக இருக்க வேண்டும் என்ற அதன் நிபந்தனைதான்.

ஊரை வகுப்பறையாக்கும் எந்தத் திட்டமும் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் அம்மாவின் மகளை, உள்ளூர்க் கல்வி என்ற பெயரில் அதே தோட்டத்துக்கு அனுப்பினால் அது கல்வி இல்லை, வேலைக்கு ஆள் சேர்ப்பு. 1953 திட்டம் தவறானதற்கு அது தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது காரணமில்லை. எந்தப் பிள்ளை எந்தத் தொழிலைப் பழகுவது என்பதைப் பிறப்பைக் கொண்டு முடிவு செய்ததுதான் தவறு. அந்தத் திட்டம் முதலில் கிராமப்புறப் பள்ளிகளுக்கே வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நகரத்துப் பிள்ளைக்கு முழு நேரப் பள்ளி, கிராமத்துப் பிள்ளைக்கு அப்பாவின் மண்வெட்டி என்று பிரித்த திட்டம் அது.

ஆகவே விதியைத் தலைகீழாக வைக்கலாம். எந்தப் பிள்ளையும் தன் வீட்டுத் தொழிலைப் பழகுவதற்காக அனுப்பப்படக் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் எல்லார் தொழிலையும் ஆராய வேண்டும். வணிகர் வீட்டுப் பையன் ஜீப்பில் மலையேறும் பெண்ணிடம் அவளுடைய நாளைப் பற்றிக் கேட்டு எழுதட்டும். அந்தப் பெண்ணின் மகள் ஏலம் நடக்கும் கூடத்துக்குப் போய், மாதிரிக் காயைக் கையில் எடுத்துப் பார்த்து, திரையில் விலை ஏறும் விதத்தைக் குறித்துக்கொள்ளட்டும். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரு கிலோ காயின் விலையில் பறிப்புக் கூலி எவ்வளவு, உரத்துக்கும் மருந்துக்கும் எவ்வளவு, உலர்த்த எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று பிரித்துப் போடட்டும். தொழிலைக் கற்றுக்கொள்வது வேறு, தொழிலை ஆராய்வது வேறு. முதலாவது கையைப் பழக்கும். இரண்டாவது கேள்வி கேட்கப் பழக்கும். குலக்கல்வி பயப்பட வேண்டிய ஒன்றாக இருந்தது முதலாவதை மட்டும் சிலருக்கு மட்டும் வைத்ததால்.

இதனால்தான் இந்த முயற்சி நகரப் பள்ளிகளில் தொடங்க வேண்டும் என்கிறேன். உள்ளூர்க் கல்வி என்றதும் நம் கண்முன் வருவது கிராமம், வயல், பானை. நகரத்துப் பிள்ளைக்கு ஊர் என்று ஒன்று இல்லை என்பதுபோல நடந்துகொள்கிறோம். போடி போன்ற நகராட்சியில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு கேரள மலைக்குக் கிளம்பிவிடுகின்றன. பத்து மணிக்குக் கடைத்தெரு திறக்கும்போது அந்த ஜீப்புகள் பூப்பாறையையும் சாந்தன்பாறையையும் தாண்டியிருக்கும். ஒரே வகுப்பில் உட்காரும் இரண்டு பிள்ளைகளுக்கு இந்த ஊர் இரண்டு விதமாக இருக்கிறது. ஒருவருக்கு மற்றவரின் ஊரைக் காட்டும் இடம் பள்ளியைத் தவிர வேறில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1969-இல் தொடங்கிய பார்க்வே திட்டத்தில் தனியாகப் பள்ளிக் கட்டடமே கிடையாது. அருங்காட்சியகம், செய்தித்தாள் அலுவலகம், வணிக நிறுவனம் என நகரத்தின் இடங்களே வகுப்புகள். அந்தத் திட்டத்தில் என்னை அதிகம் ஈர்ப்பது வேறொன்று. விண்ணப்பித்த மாணவர்களை நகரின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். பணக்காரத் தெருவும் ஏழைத் தெருவும் கலந்தால்தான் நகரம் பாடமாகும் என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

தேர்வு என்னாகும் என்ற கேள்வி பெற்றோரிடமிருந்து உடனே வரும். நியாயமான கேள்விதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை நம்பித்தான் கூலி வேலை செய்யும் குடும்பம் அடுத்த தலைமுறையை மலையிலிருந்து இறக்கப் பார்க்கிறது. அந்த நம்பிக்கையோடு விளையாட யாருக்கும் உரிமையில்லை. இதற்கு மத்தியப் பிரதேசத்தின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். 1972-இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் தொடங்க, 1982-இல் உருவான ஏகலைவா அதை எடுத்து நடத்தியது. வயலில் கிடைத்ததையும் வீட்டில் கிடைத்ததையும் கொண்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சோதனை செய்தார்கள். இலையைச் சேகரித்தார்கள், பூச்சியின் வாழ்க்கையைப் பார்த்து எழுதினார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து உதவினார்கள். இதில் முக்கியமான செய்தி என்னவென்றால், அவர்கள் தேர்வையும் மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு, கூடவே செய்முறைத் தேர்வு. முப்பது ஆண்டு ஓடிய பிறகு 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது. அதை நிறுத்தியது பெரிய இழப்பு என்பது என் கருத்து; ஆனாலும் முப்பது ஆண்டு சாதாரண அரசுப் பள்ளிகளில், சாதாரண ஆசிரியர்களைக் கொண்டு நடந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. பாடம் ஊருக்குப் போய், தேர்வு மட்டும் பழைய இடத்திலேயே நின்றால் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் கை வைக்காமலே, ஆறு முதல் ஒன்பது வரை பள்ளி தானே போடும் மதிப்பெண்ணில் ஊர் ஆய்வுக்கு ஒரு பங்கைத் தந்து தொடங்கலாம்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் பகுதியின் ஒரு பிரச்சினையை எடுத்து ஆய்வு செய்கிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நீண்டகாலமாக இதற்குத் துணை நிற்கிறது. நல்ல முயற்சி. ஆனால் அது ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரும் நாலைந்து மாணவர்களும் செய்கிற போட்டியாகவே இருக்கிறது. வகுப்பில் மிச்சமிருக்கும் முப்பத்தைந்து பேர் அன்றும் கரும்பலகையைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஊர்மக்கள் சொல்வதெல்லாம் சரியாக இருக்குமா என்ற சந்தேகமும் உண்டு. இருக்காது. எத்தனை நாளுக்கு ஒருமுறை மருந்தடிக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்வதையே கேட்டுப் பழகிய தோட்டங்கள் இருக்கின்றன. பூச்சிமருந்து அதிகமாக விழும் பயிர்களில் ஏலம் ஒன்று. ஊர் அறிவைக் கும்பிட்டு ஏற்றுக்கொள்வதற்காகப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேண்டியதில்லை. சோதித்துப் பார்ப்பதற்காகத்தான் போக வேண்டும். அதே நேரம், இன்று இடுக்கி மலையில் பரவலாக இருக்கும் ஞள்ளானி ரகத்தைக் கண்டெடுத்தவர் கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் என்பதையும் அந்தப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடியைக் கவனித்து, பிரித்து நட்டு, ஒப்பிட்டுப் பார்த்து, பெருக்கினார். கவனிப்பதும் ஒப்பிடுவதும் வெள்ளை அங்கி போட்டவர்களுக்கு மட்டும் உரியதில்லை என்பதற்கு இந்த மலையே சாட்சி சொல்கிறது. மருந்துக் கடைக்காரரின் பேச்சையும் ஞள்ளானி விவசாயியின் கவனத்தையும் பிரித்தறிய ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அவள் அறிவியல் படித்துவிட்டாள்.

இதைவிடக் கடினமான பாடமும் இதே அடிவாரத்தில் இருக்கிறது. பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஐம்பதாயிரம் டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்புக் கருவி, தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான உறுதியான பாறை. காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த இடங்களில் ஒன்று கோலார் தங்கச் சுரங்கம் என்பது விஞ்ஞானிகளின் பெருமை. தண்ணீர் வற்றிவிடுமோ, வெடிவைத்தால் வீடு அதிருமோ, காடு போய்விடுமோ என்பது ஊர்க்காரர்களின் கவலை. மேற்குத் தொடர்ச்சி மலையையும் புலிகள் நடமாடும் வழித்தடத்தையும் காரணம் காட்டி 2022-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் மறுப்பைத் தெரிவித்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நியூட்ரினோ கதிர்வீச்சால் ஆபத்து உண்டா என்பது இயற்பியல் கேள்வி, அதற்கு விடை இருக்கிறது: நம் உடம்பு வழியாக ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கான நியூட்ரினோக்கள் எதையும் தொடாமல் போய்க்கொண்டிருக்கின்றன. சுரங்கம் தோண்டினால் நீரோட்டம் என்னாகும் என்பது நிலவியல் கேள்வி, அதை ஆராய்ந்துதான் சொல்ல முடியும். ஊர் சம்மதிக்காமல் ஊரில் ஒன்றைக் கட்டலாமா என்பது குடிமையியல் கேள்வி. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கத் தெரிந்த ஒரு வகுப்பு, பெரியவர்கள் கூட்டங்களில் பேசியதைவிடத் தெளிவாகப் பேசும். அரசியல் வந்துவிடும் என்று பயந்து இத்தகைய விஷயங்களை ஒதுக்கினால், ஊர்க்கல்வி என்று மிச்சமிருப்பது பூங்காவைச் சுற்றிப்பார்ப்பதுதான்.

பாதுகாப்பு பற்றிய கவலையை லேசாக எடுத்துக்கொள்ளவே முடியாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற வந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போடிக்கு மிக அருகில் நடந்தது அது. கோடையில் காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்று தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதுதான் ஊர்க்கல்வி என்று எடுத்துக்கொண்டால் தலைமை ஆசிரியர்கள் மறுப்பார்கள், மறுப்பது சரி. பெரும்பாலான பாடங்களுக்கு மலையேற வேண்டிய தேவையே இல்லை. கொட்டகுடி ஆற்றின் நகராட்சிப் பகுதியில் தண்ணீர் எங்கே கலங்குகிறது என்று பார்ப்பதும், சந்தையில் எடைக்கற்களைச் சரிபார்ப்பதும், ரயில் நிலையத்தில் பயணிகளை எண்ணுவதும், தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் கலந்து புழங்கும் தெருக்களில் ஒரே பொருளுக்கு வீட்டுக்கு வீடு என்ன பெயர் என்று சேகரிப்பதும் நடந்து போகும் தூரத்தில் முடியும். நூறு பேரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போவதைவிட, பத்துப் பேர் கொண்ட குழு இரண்டு தெரு தள்ளிப் போய் ஒரு மணி நேரத்தில் திரும்புவது பாதுகாப்பானது, பயனும் கூடுதல்.

ஆசிரியர்களுக்கு நேரம் எங்கே என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு. கணக்கெடுப்பு, செயலியில் பதிவு, தேர்தல் பணி என்று ஏற்கெனவே அவர்கள் தலையில் ஏறியிருப்பது போதாதென்று இதுவுமா என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்வது சிரமம். பல ஆசிரியர்கள் வெளியூரிலிருந்து வருபவர்கள். மாறுதல் கிடைத்ததும் போய்விடுவார்கள். அவர்கள் ஊரைத் தெரிந்துகொள்வதற்குள் காலம் போய்விடும். ஆகவே இந்த வேலையை ஆசிரியர் தலையில் கட்டாமல், கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு ஏற்படுத்திய பள்ளி மேலாண்மைக் குழுவிடம் தர வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இன்று அந்தக் குழுவின் பேச்சு பெரும்பாலும் சுற்றுச்சுவர், கழிவறை, குடிநீர் என்று கட்டடத்தோடு நின்றுவிடுகிறது. ஊரில் யாருக்கு என்ன தெரியும் என்ற பதிவேட்டை உருவாக்க அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. கிணறு வெட்டியவர், சல்லடை பிடிப்பவர், ஏல மையத்தில் கணினி இயக்குபவர், மலைச்சாலையில் இருபது ஆண்டு ஜீப் ஓட்டியவர், தென்னைக்கு வந்த நோயைப் பார்த்தவர் என்று ராசிங்காபுரத்தில் ஒரு பட்டியலும் போடியில் வார்டுக்கு ஒரு பட்டியலும் தயாரானால், ஆசிரியர் எந்தப் பாடத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் முடிவு செய்தால் போதும்.

கூப்பிடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து பேசினால் பொன்னாடையும் பயணப்படியும் தருகிறோம். தரம் பிரிக்கும் அக்கா ஒருவர் எட்டாம் வகுப்புக்கு வந்து, காயை விரலால் உருட்டியே பருமன் சொல்லும் வித்தையைக் காட்ட வேண்டுமானால், அவர் அன்றைய கூலியை இழக்கிறார். அந்தக் கூலியைப் பள்ளி தர வேண்டும். சேவை என்று சொல்லி வாங்கிக்கொள்ளக் கூடாது. பள்ளிக்கு ஆண்டுதோறும் வரும் மானியத்தில் இதற்கென ஒரு தலைப்பைக் கல்வித்துறை சேர்த்தால், வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே கருத்தாளர் என்று எழுதி, ஒரு நாள் சம்பளத்தை அன்றைக்கே கையில் தந்துவிடலாம்.